போதும் என்ற கட்டம்

ஓய்வு பெற்றவர்களைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுவது திருச்சிக் கல்லூரிகளில் ஒரு வழக்கம். சும்மாதானே இருக்கிறார்கள், ஒரு சால்வை போட்டால் வந்துவிடுவார்கள் என்ற கணக்கு. போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. ‘சமூக ஒதுக்கலைக் குறைக்கும் தொழில்நுட்பம்’ என்று மேடையில் பேனர். ஆட்டிசம் உள்ளவர்களுக்காக மாணவர்கள் செய்த கருவிகளைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.

முதல் மேசையில் ஒரு கைப்பட்டை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சந்தோஷத்திலும் பதற்றத்திலும் கையை உதறுவார்கள் இல்லையா, அப்படி உதறினால் இந்தப் பட்டை அதிரும். உதறலை நிறுத்தும் வரை அதிரும். “பப்ளிக்ல வித்தியாசமா தெரிய மாட்டாங்க மேடம். ஸ்டிக்மா குறையும்” என்றாள் அதைச் செய்த பெண். கெட்டிக்காரப் பெண்தான். விரல் நகமெல்லாம் சதை வரை கடித்து வைத்திருந்தாள்.

“நகம் கடிப்பியாம்மா?” என்று கேட்டேன்.

கையைப் பின்னால் கொண்டுபோனாள். “டென்ஷன்ல, மேடம்.”

“நீ நகம் கடிக்கிறப்பல்லாம் கையில ஒண்ணு வெடுக்குனு அதிர்ந்தா டென்ஷன் கொறையுமா?”

அவளுடைய துறைத்தலைவர் என் காதருகே குனிந்து, “கொஞ்சம் பாத்துப் போடுங்க மேடம், பேட்டன்டுக்குக் குடுத்திருக்கோம்” என்றார். பார்த்துத்தான் போட்டேன், பூஜ்யம். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. ஒதுக்கலைக் குறைப்பது என்றால் ஒதுக்கப்படுகிறவரைத் திருத்துவது என்று அவளுக்கு நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அது இன்னும் போகவில்லை.

என்னோடு வேலை பார்த்த சின்னவர்கள் இரண்டு பேர் அன்று அங்கே இருந்தார்கள். “நீங்க பாத்ததை எல்லாம் எழுதுங்க மேடம். ஆனா திட்டாம எழுதுங்க” என்றார்கள். முதல் பாதிக்குத்தான் என்னால் பொறுப்பேற்க முடியும்.

நான் பாலக்கரைக்காரி. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவருக்குப் பாத்திர வியாபாரம். பேச்சுப் பயிற்சி கொடுப்பதற்கென்று ஒரு படிப்பு மைசூரில் இருப்பதாக யாரோ சொல்ல, போய்ப் படித்தேன். கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரர் சவுதிக்குப் போனார். தென்னூரில் ஒரு அறக்கட்டளை நடத்திய மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் திக்குவாய், காது கேளாமை, பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவர்கள் என்றுதான் வந்தார்கள். ஆட்டிசம் என்ற சொல் ஊருக்குள் வந்து சேர நாளாயிற்று. அதுவரைக்கும் பிடிவாதம், புத்தி மட்டு, காத்து கருப்பு. சொல் வந்து சேர்ந்த பிறகும் உறவுக்காரர்கள் அந்த அம்மாக்களிடம் கேட்ட கேள்வி மாறவில்லை: மாசமா இருக்கறப்ப நீ என்ன செஞ்சே?

பேச்சு என்றால் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வராதவர்களுக்கு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் படம் ஒட்டிய அட்டைகள் செய்தோம். தண்ணீர், கழிப்பறை, பசி, தலைவலி. பேச முடியாதவர் எடுத்துக் காட்டினால் போதும். நான் அவற்றைச் சின்னப் பர்ஸில் வைத்துக் கொடுக்கலாம் என்றேன். நிர்வாகம் கேட்கவில்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினால்தான் அட்டையின் கீழ்ப்பாதியில் அச்சடித்த கொடையாளியின் பெயர் வெளியே தெரியும் என்றார்கள்.

லால்குடியிலிருந்து செல்வி என்று ஒரு அம்மா மகனை அழைத்துக்கொண்டு வருவார். மகன் முருகேசன் இருபது வயது தாண்டியவன். நல்ல உயரம், மீசை, பேச்சு கிடையாது. ஒரு நாள் செல்வி வந்தவர் உட்காராமல் என் மேசை மேல் ஒரு நாணயத்தை வைத்தார்.

“என்ன செல்வி இது?”

“எம்புள்ளை சம்பாரிச்ச காசுங்க.”

பஸ்ஸில் வரும்போது முருகேசனுக்குத் தாகம். பக்கத்து சீட்டுக்காரர் கையில் தண்ணீர் பாட்டில் இருந்திருக்கிறது. நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே தண்ணீர் அட்டையை எடுத்து அவரிடம் நீட்டியிருக்கிறான். நம் ஊர் பஸ்ஸிலும் ரயிலிலும் பேசாமல் அட்டை நீட்டுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வாய் பேச முடியாதவர், உதவுங்கள் என்று அச்சடித்த அட்டையை மடியில் வைத்துவிட்டுப் போவார்கள், பிறகு வந்து காசோடு வாங்கிக்கொள்வார்கள். அந்த மனிதர் அட்டையைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு காசை அட்டை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முருகேசன் மறுபடி நீட்டினான். “அதான் குடுத்தாச்சேப்பா, அங்கிட்டுப் போ” என்றாராம்.

“தண்ணிதாங்க கேட்டான்” என்றார் செல்வி. “இத அவுத்துருங்க மேடம். எம்புள்ளை தாகத்தோட இருந்தாலும் பரவால்ல.”

அந்த நாணயத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் நிர்வாக அறையில் வைத்தேன். உங்கள் கொடையாளியின் பெயருக்குக் கிடைத்த காணிக்கை என்று சொல்லிவிட்டு வந்தேன். அட்டையை ஒழித்தோம். அதே படங்களை ஒரு சாதாரண போனில் போட்டு, அழுத்தினால் பேசும்படி செய்து கொடுத்தோம். அடுத்த மாதம் செல்வி சொன்னார், பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று. பாதி பஸ் போனைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்று போன் பேசியதும் பக்கத்தில் இருந்தவர் ஒரு நொடி முழித்துவிட்டு பாட்டிலைக் கொடுத்தாராம். அதே முருகேசன், அதே தாகம். கையில் இருந்த பொருள் மாறியதும் பிச்சைக்காரன் பயணியாகிவிட்டான். அன்றிலிருந்து எந்தக் கருவியைக் கொண்டுவந்து காட்டினாலும், பக்கத்து சீட்டுக்காரருக்கு இவர் எப்படித் தெரிவார் என்றுதான் முதலில் கேட்பேன்.

அதற்குப் பிறகுதான் டேப்லெட் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் சபாபதி சார், வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் மையத்தின் நிர்வாகியாக வந்தவர். அவர் வராவிட்டால் அந்தப் பணமும் கருவிகளும் எங்களுக்குக் கிடைத்திருக்காது, அதைச் சொல்லிவிட வேண்டும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தியதே இல்லை. நாம் சொல்வது பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். “யோசிச்சுப் பாருங்கம்மா” என்பார். அப்படியென்றால் அவர் முடிவெடுத்தாயிற்று என்று பொருள். இல்லை, முடியாது என்று அவர் வாயால் நான் கேட்டதில்லை. நினைத்தது நடக்கிறவருக்கு அந்தச் சொற்கள் தேவைப்படுவதில்லை.

டேப்லெட் திரையில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு சொல், அழுத்தினால் ஒரு குரல். எந்தெந்தச் சொற்களைப் போடுவது என்று முடிவு செய்யக் கூட்டம் நடக்கும். ஒரு மனிதருடைய மொத்த அகராதியை மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சமோசா சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்வோம். சபாபதி சார், நான், மென்பொருள் எழுதுகிற சாலமன். முதல் கூட்டத்திலேயே நான் வேண்டாம், மாட்டேன், பிடிக்கலை, தொடாதீங்க என்ற நான்கையும் முன்வைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவங்க மேல ஜனங்களுக்கு ஒரு பிரியம் வரணும்மா. அதுக்குத்தானே இந்த ப்ராஜெக்ட். வணக்கம் சொல்லட்டும், நன்றி சொல்லட்டும். மாட்டேன், தொடாதேன்னெல்லாம் மெஷின் பேசினா யாருக்குப் பிரியம் வரும்?”

“பிரியத்துக்காகப் பேசறதில்ல சார் இது. பிடிக்காததைச் சொல்ல வேற வழியில்லாமத்தான் சுவத்துல முட்டிக்கிறாங்க.”

“யோசிச்சுப் பாருங்கம்மா.”

நான்கும் போயின. அதற்குப் பதிலாக அவரே யோசித்து உணவுப் பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தார். “பரிமாறும்போது போதும்னு சொல்லத் தெரியணும். இலையில வீணாக்கக் கூடாது, பாருங்க” என்றார். சாம்பார், தயிர், அப்பளத்துக்கு நடுவில், உள்ளங்கையைக் காட்டும் ஒரு படத்தோடு, ‘போதும்’ வந்து உட்கார்ந்தது. மையத்திலேயே மிக நாகரிகமான மனிதர் தன் கையால் சேர்த்த சொல் அது. மறந்துவிட வேண்டாம்.

கோதை அந்தச் சமயத்தில்தான் வந்தாள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீடு. வயது இருபத்து நான்கு. அப்பா ராகவன் காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு ஆபீஸ் போகிறவர். அம்மா வைதேகி. கோதைக்குப் பேச்சு வந்ததே இல்லை. ஈரத் துணியை நுனிக்கு நுனி சேர்த்து உதறி மடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தலையை யாராவது தொட்டால் மட்டும் உடம்பு முழுக்க விறைத்துப்போகும்.

ஒருவருக்குக் கட்டங்கள் அமைப்பதற்கு முன்னால் அவர் வீட்டில் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இது நான் வைத்த முறை. பாலக்கரையில் ஒரு பையனுக்கு ‘அப்பா’ என்று போட்டுக் கொடுத்தோம், அவன் தொடவே இல்லை. அவனுக்கு இருந்தது அத்தாதான், அப்பா என்று யாரும் இல்லை. அதனால் கோதையின் வீட்டுக் கூடத்தில் இரண்டு காலை நேரம் உட்கார்ந்திருந்தேன். துலுக்கச்சி வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று முதல் நாள் இருந்த தயக்கம் இரண்டாம் நாள் காபியில் கரைந்துவிட்டது. அங்கே தண்ணீர் என்றால் தீர்த்தம், ரசம் என்றால் சாத்தமுது, சமையல் என்றால் தளிகை. கோதையின் காது இருபத்து நான்கு வருடமாகக் கேட்ட சொற்கள் அவை, அவளுடைய கருவியும் அவற்றைத்தான் பேச வேண்டும்.

அந்த வீட்டில் இன்னொன்றும் கேட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாம், அவள் பக்கத்திலேயே நிற்கும்போது, “அது சாப்பிட்டுதா?”, “அதுக்குப் புரியுமோ?” என்று கேட்டார்கள். கைக்குழந்தையை அது என்று கொஞ்சுவது வேறு. தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்து நிற்கிற ஒரு பெண்ணை அது என்று கேட்பது வேறு. எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. ராகவனும் சளைக்காமல், “நன்னா சாப்பிட்டுது” என்று அதே அதுவில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

குரல் விஷயத்திலும் சபாபதி சாரோடு சண்டை. எல்லோருக்கும் ஒரே குழந்தைக் குரலாகப் போடலாம், கேட்க இனிமையாக இருக்கும் என்றார். மீசை வைத்த முருகேசன் மழலையில் பேச வேண்டுமா என்று கேட்டேன். அதில் மட்டும் நான் ஜெயித்தேன். கோதைக்கு அவளுடைய அத்தை மகள் வேதவல்லி குரல் கொடுத்தாள். அத்தை மகளை அந்த வீடுகளில் அத்தங்கா என்பார்கள். கோதையைவிட நாலைந்து வயது பெரியவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல். ஆட்டோ ஹாரன் உள்ளே வராமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்து, வியர்க்க வியர்க்க அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, சாலமன் பதிவு செய்தான். சார் அடித்துவிட்ட நான்கு சொற்களையும் அவளைச் சொல்லச் சொன்னேன். சாலமன் என்னைப் பார்த்தான். “பதிவு பண்ணி வை, பாத்துக்கலாம்” என்றேன்.

கோதை அந்தக் கருவியைக் கற்றுக்கொண்ட வேகம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கற்றுக்கொண்டாள் என்பதுகூடச் சரியில்லை, அவள் ரொம்ப நாளாகத் தயாராகத்தான் இருந்தாள். முதல் வாரம் தீர்த்தம், தளிகை, மாடி. பிறகு ஒரு நாள் வைதேகி மாமி சாதம் போடும்போது ‘போதும்’ என்று அழுத்தினாள். மாமி கையை நிறுத்தினார். கோதை தட்டைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள், மறுபடி கட்டத்தைப் பார்த்தாள்.

மறுநாள் அம்மா தலை வாரும்போது உணவுப் பக்கத்தைத் திறந்து ‘போதும்’ என்று அழுத்தினாள். அடுத்து டி.வி. சத்தத்துக்கு. அடுத்து கன்னத்தைக் கிள்ளின எதிர்வீட்டு மாமிக்கு. சாம்பாருக்கும் அப்பளத்துக்கும் நடுவில் கிடந்த சொல்லை அவள் வீடு முழுக்க எடுத்துக்கொண்டுபோய்விட்டாள். வைதேகி மாமி இதைச் சொன்னபோது நான் சாலமனைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். வலது கை கட்டை விரல் தானாக விழுகிற மூலையில் வைத்தோம். அவள் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியதில்லை.

நாலைந்து மாதம் கழித்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

கோதைக்குக் கல்யாணமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவளிடம் கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, ராகவன் ஏற்பாடு செய்துவிட்டார். ஆட்டிசம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது, அதனால்தான் இந்த மெஷின் என்று சொல்லியிருந்தார். தொண்டைக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள். உடம்பில் எந்த உறுப்பு கெட்டாலும் நம் ஜனங்கள் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். மூளை கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்கிறது என்றால் மட்டும் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

அன்று நடந்ததை எனக்குச் சொன்னவள் அங்கே இருந்த வேதவல்லி. பையனின் அத்தை கோதையின் அருகில் உட்கார்ந்து வளையலைத் தொட்டுப் பார்த்தாள், தோட்டைத் திருப்பிப் பார்த்தாள். கோதை பொறுத்துக்கொண்டாள். பிறகு அந்த அம்மாள் சவுரியா நிஜ முடியா என்று பார்க்கப் பின்னலைப் பிடித்தாள். கோதை அழுத்தினாள்: “போதும்.”

“என்னடி கொழந்தே, நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே” என்று சிரித்துக்கொண்டே உச்சந்தலை வரைக்கும் கையைக் கொண்டுபோனாளாம். “போதும்.” கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கோதை டேப்லெட்டின் பக்கவாட்டில் இருந்த பித்தானை அழுத்தி ஒலியை முழுக்கக் கூட்டினாள். பிறகு அந்தக் கணக்கு டீச்சர் குரல் கூடத்திலிருந்து வாசல் வரைக்கும் கேட்டது. “போதும். போதும். போதும்.”

“என் குரல்ல நானே கேட்டேன் மாமி” என்றாள் வேதவல்லி என்னிடம். “கத்தலை, அழலை. நிறுத்தச் சொன்னா, அவ்ளோதான். எல்லாரும் அவளை ஏதோ பேய் பிடிச்ச மாதிரி பாத்தா.”

வந்தவர்கள் காபியைக்கூட முடிக்காமல் போய்விட்டார்கள். அடுத்த வாரம் ராகவன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மையத்துக்கு வந்தார். சபாபதி சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்த ஒரு வார்த்தைதாம்மா இடைஞ்சலா இருக்கு. எடுத்துட்டா நல்லதுன்னு அவர் அபிப்பிராயப்படறார்.”

“கொஞ்ச நாளைக்குத்தான்” என்றார் ராகவன். “ஒரு எடம் அமையற வரைக்கும்.”

“அவ வாயில பிளாஸ்திரி ஒட்டுங்கன்னு கேட்டா ஒட்டுவீங்களா சார்?” என்று நான் கேட்டது சபாபதி சாரிடம்.

“இவ்வளவு உணர்ச்சிவசப்படாதீங்க. குடும்பத்தோட விருப்பத்தையும் யோசிச்சுப் பாருங்கம்மா.”

நான் முடியாது என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன், இங்கே எழுத முடியாது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை. சாலமனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் தற்காலிக வேலையில் இருந்தவன், செய்தான். செய்துவிட்டு அன்று மதியம் சாப்பிடாமல் டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த முறை கோதை வந்தபோது அந்த மூலையில் வெள்ளைக் கட்டம்தான் இருந்தது. அவள் வந்து உட்கார்ந்ததும் அங்கே அழுத்தினாள். சத்தம் வரவில்லை. தாவணி நுனியால் திரையைத் துடைத்துவிட்டு அழுத்தினாள். ஒலியை முழுக்கக் கூட்டிவிட்டு அழுத்தினாள். பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து, டேப்லெட்டை என் காதோடு வைத்து, அழுத்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். ரிப்பேர் ஆகிவிட்டது, நீதானே கொடுத்தாய், சரிசெய் என்று அவள் கேட்பது எனக்குப் புரிந்தது. முப்பது வருட வேலையில் அந்த நிமிஷத்தைப்போல எனக்கு எதுவும் வலித்ததில்லை.

பிறகு நடந்ததை யாரும் ஊகிக்கலாம். தலை வாரும்போது அம்மாவின் கையைக் கடித்தாள். பூக்காரி முகவாயைத் தொட்டபோது தள்ளிவிட்டாள். வீதியில் அலறினாள். “பாத்தேளா, முத்திப்போயிடுத்து” என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். தூக்க மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் யாராவது உண்டா என்று ராகவன் விசாரிக்க ஆரம்பித்தார். இதற்குத்தான் ஊரில் பைத்தியம் என்று பெயர். நிறுத்து என்று சொல்ல ஒருத்திக்கு ஒரே ஒரு சொல் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் அவள் பல்லால் சொன்னால், கடிக்கிறாள் என்று பெயர் வைத்தார்கள். ஒதுக்கலைக் குறைக்கும் திட்டம் என்று வாசலில் போர்டு மாட்டிய இடத்திலேயே அந்தப் பைத்தியத்தைத் தயாரித்துக் கொடுத்தோம்.

நான் வேதவல்லிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “அவா எல்லாரையும் வரச் சொல்லுங்கோ, நானும் வரேன்” என்றாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். சாக்பீஸ் தூள் புடவையில் அப்படியே இருந்தது. அறையில் சபாபதி சார், ராகவன், வைதேகி மாமி, கணினி முன்னால் சாலமன், ஓரத்து நாற்காலியில் மடியில் டேப்லெட்டோடு கோதை.

“இதுல பேசறது என் குரல்தானே சார்?” என்றாள் வேதவல்லி.

“ஆமாம்மா. நீங்க செஞ்சது பெரிய உதவி.”

“அப்போ முழுசா எடுத்துடுங்கோ. தீர்த்தம், தளிகை, நன்றி, நமஸ்காரம் எதுவும் வேண்டாம். உங்களுக்குப் பிடிச்சதைப் பொறுக்கிக்கறதுக்கு நான் காய்கறிக்கடை போடலை.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “பதிவு எல்லாம் மையத்தோட சொத்தும்மா. யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். சொத்துன்னா நீங்களே வெச்சுக்கோங்கோ. அடுத்த தடவை உங்க கொடையாளிகள் வரச்சே நானும் வந்து கோதை பக்கத்துல நிக்கறேன். அந்த மெஷின் நன்றின்னு சொல்றச்சேயெல்லாம் நான் ஒண்ணு சொல்லுவேன். இது என் குரல், நன்றி சொல்ற வாயை இவளுக்கு விட்டுட்டு, போதும்னு சொல்ற வாயை இந்த சார் வாங்கி வெச்சுண்டுட்டார்னு.”

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ராகவன்தான் பேசினார். “வேதா, நோக்கென்ன தெரியும்? நாளைக்கு அவளை யார் பாத்துப்பா?”

அது நியாயமான பயம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதுவரை வாயே திறக்காத வைதேகி மாமி புடவைத் தலைப்பை விலக்கி முழங்கையைக் காட்டினார். பல் பதிந்த இடம் நீலம் பாரித்திருந்தது. “தலை வாரறச்சே முன்னெல்லாம் போதும்னு சொல்லுவா, நான் நிறுத்திடுவேன். இப்போ அவளும் அழறா, நானும் அழறேன். யார் பாத்துப்பான்னு கேக்கறேளே, இப்ப பாத்துக்கறது நான்தானே. நான் சொல்றேன், போட்டுக் குடுக்கச் சொல்லுங்கோ.”

சபாபதி சார் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். “நான் யோசிச்சுச் சொல்றேன்” என்றார். யோசிப்பதைத் தன் தலையில் அவர் போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“இங்கேயே யோசியுங்கோ. எனக்கு அடுத்த பீரியட் இல்லை” என்றாள் வேதவல்லி.

சார் சாலமனைப் பார்த்துத் தலையசைத்தார். சாலமன் கோதையிடம் கேட்டு, அவள் நீட்டிய பிறகு, டேப்லெட்டை வாங்கி கணினியோடு இணைத்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். “மேடம், அந்த நாலும் உள்ள இருக்கு. அதையும் போட்டுடவா?” என்று உதட்டை அசைக்காமல் கேட்டான். போடு என்றேன். சார் காதில் விழுந்திருக்கும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேப்லெட் கோதையின் கைக்குத் திரும்பி வந்தது. அவள் மூலையில் அழுத்தினாள். குரல் வந்தது. மறுபடி அழுத்தினாள், வந்தது. பத்துப் பதினைந்து தடவை அழுத்திப் பார்த்திருப்பாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ராகவன் என் பக்கம் திரும்பினார். முகம் வாடிப்போயிருந்தது. “எதுக்கெடுத்தாலும் போதும் போதும்னா நாங்க என்ன மாமி பண்றது?”

“நிறுத்தணும் சார்.”

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு தடவையும் நிறுத்தணும்.”

அவர் கிளம்புவதற்காக எழுந்து, கோதையின் மடியிலிருந்து டேப்லெட்டை எடுத்து, தோளில் மாட்டியிருந்த துணிப்பைக்குள் போடப் போனார். மையத்தை விட்டு இறங்கும்போது எப்போதும் அப்படித்தான் செய்வாராம். பஸ்ஸிலும் வீதியிலும் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வெளியே எடுப்பாராம். பை வாயைத் திறந்து பாதி உள்ளே விட்டுவிட்டார். கோதை கையை நீட்டி, வெளியே தெரிந்த மூலையில் அழுத்தினாள்.

“போதும்.”

ராகவன் என்னைப் பார்த்தார், வேதவல்லியைப் பார்த்தார். அவர் டேப்லெட்டை வெளியே எடுத்து மகளிடம் கொடுத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரை வெளியே தெரிய, ஸ்ரீரங்கம் பஸ் பிடிக்கத் தெருவில் இறங்கினாள். அவர் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்.